யீஷூனா, செங்காங்கா?

வணக்கம். அம்மா யீஷூனில், பிள்ளைக்கு நான்கு வயது, சிங்கப்பூரில் மறுவிற்பனை வீடு வாங்க யீஷூனா செங்காங்கா என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் யீஷூன்தான். பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால், தகுதி இருக்கும் குடும்பத்துக்கு 20,000 வெள்ளி மானியம் உண்டு. செங்காங்கில் பெரும்பாலும் அது கிடைக்காது. காசை விடுங்கள், பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் பாட்டி பத்து நிமிடத்தில் வந்துவிடுவார், அதுதான் பெரிது.

ஆனால் வீடு பார்க்கப் போகும் முன் அந்த புளோக்கின் இன ஒதுக்கீட்டை, அதாவது எந்த இனத்தவர் எத்தனை வீடுகள் வரை வாங்கலாம் என்ற வரம்பை, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) இணையத்தளத்தில் பாருங்கள். இந்தியர்களான நம் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால், சீனரோ மலாய்க்காரரோ விற்கும் வீட்டை நாம் வாங்க முடியாது. பிடித்துப்போன பிறகு இது தெரிந்தால் மனசு உடைந்துவிடும், எனக்கு அப்படி ஆனது.

அப்புறம், பள்ளி. வீடு பள்ளியிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் இருந்தால் சேர்க்கையில் முன்னுரிமை, சரி. அங்கே தமிழ் வகுப்பு நடக்கிறதா என்று பள்ளிக்கே போன் செய்து கேளுங்கள். எல்லாப் பள்ளியிலும் இருக்காது.

வீட்டை மாலை ஐந்து மணிக்குப் போய்ப் பாருங்கள். படுக்கையறைச் சுவரில் கை வையுங்கள். மேற்கு வெயில் வாங்கிய சுவர் இரவு வரை சுடும்.