தயிர் உறையைப் படிக்க நினைக்கும் பெண்ணின் அப்பாவுக்கு

வணக்கம் சார்,

போன சனிக்கிழமை வில்லிவாக்கத்திலிருந்து மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் மேற்படிப்பு ஆலோசனை கேட்டு வந்தீர்கள். அவளை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, "இருபது வருஷமா விடிகாலை நாலு மணிக்கு எழுந்து பால் இறக்குறேன் மேடம். இவளாவது பாலை விட்டு வெளியே போவான்னு பார்த்தா, தயிர்க் கிருமியைத்தான் படிப்பேன்னு நிக்கிறா" என்றீர்கள். அடுத்தவர் காத்திருந்ததால் அன்று பாதிதான் பேச முடிந்தது. மீதியை எழுதுகிறேன். அவளும் படிக்கட்டும்.

நீங்கள் வெளியே போனபோது அவள் என்னிடம் ஒரு கேள்வி கேட்டாள். "கடைத் தயிரை எடுத்து உறை ஊத்தினா முதல் ரெண்டு தடவை கெட்டியா வருது. அந்தத் தயிரையே திரும்பத் திரும்ப உறையா ஊத்தினா, போகப் போக நீர்த்துப் புளிக்குது. உறை அதேதானே மேடம், ஏன் மாறுது?" பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் கட்-ஆஃப், கல்லூரி, சம்பளம். இவள் ஒரு விஷயத்தைப் பல நாள் கவனித்துவிட்டு வந்து கேட்கிறாள். அந்தக் கேள்விக்கு உள்ளேதான் அவள் படிக்க ஆசைப்படும் துறை முழுவதும் இருக்கிறது. அதனால் வேலை, சம்பளத்துக்குப் போகும் முன் அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

உறை அதே இல்லை. அதில் இரண்டு மூன்று வகை பாக்டீரியா ஓர் அளவில் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் பெருகும் வேகம் வேறு. மே மாதச் சமையலறைச் சூட்டில் ஒன்று முந்தும், மார்கழிக் குளிரில் இன்னொன்று முந்தும். பாத்திரத்திலிருந்தும் காற்றிலிருந்தும் வேறு கிருமிகளும் வந்து சேரும். நாலைந்து முறை மாற்றியபின் இருப்பது வேறொரு கூட்டம்.

அதைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு. மோர், வெண்ணெய், சீஸ் செய்ய உதவும் லாக்டோகாக்கஸ் லாக்டிஸ் என்ற பாக்டீரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். பால் சர்க்கரையை உடைத்துத் தின்ன அதற்கு உதவும் மரபணுக்கள் பெரும்பாலும் அதன் முக்கியமான டிஎன்ஏவில் இருப்பதில்லை. தனியாகச் சுற்றும் பிளாஸ்மிட் என்ற சின்ன வளையத்தில் இருக்கின்றன. பால் புரதத்தை வெட்டும் நொதிக்கான மரபணுவும் அப்படித்தான். வெண்ணெய் வாசனை தரும் வகைகளில், அந்த வாசனைக்கு மூலமான சிட்ரேட்டை உள்ளே இழுக்கும் மரபணுவும் ஒரு வளையத்தில்தான் இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் தைக்காமல் செருகி வைத்த தாள் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். செல் இரண்டாகப் பிரியும்போது சில சமயம் ஒரு குட்டிக்கு அந்தத் தாள் போய்ச் சேராது. பால் நிறைந்த பாத்திரத்தில் இருந்தும் அதற்குச் சர்க்கரையைத் தின்னத் தெரியாது. அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் லாரி மெக்கே என்பவரின் குழு 1970களில் இதைக் காட்டியது. ஆலையில் உறையாகப் போடும் பாக்டீரியாவுக்குக் கல்ச்சர் என்று பெயர். அதுவரை "கல்ச்சர் சோம்பேறியாகிவிட்டது" என்று பால்பண்ணைக்காரர்கள் சொல்லிக்கொண்டிருந்ததற்கு ஒரு காரணம் கிடைத்தது. பெரிய ஆலைகள் பழைய தயிரை மறுபடி உறையாக ஊற்றாமல், உறைநிலையில் வந்த கல்ச்சர் பாக்கெட்டை ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரித்து நேரே தொட்டியில் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யோகர்ட்டில் இருக்கும் ஜோடி வேறு: ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ். பல்கேரிகஸ் புரதத்தை வெட்டிக் கொடுக்கும். தெர்மோஃபிலஸ் பதிலுக்கு ஃபார்மிக் அமிலமும் ஃபோலிக் அமிலமும் கார்பன் டை ஆக்சைடும் கொடுக்கும். தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்தால் இரண்டும் வேகமாக வேலை செய்யும். இந்தப் பல்கேரிகஸைத்தான் 2012இல் இந்தியாவின் தேசிய நுண்ணுயிராக அறிவித்தார்கள். மயில், தாமரை வரிசையில் ஒரு தயிர்க் கிருமி. உங்கள் மகளிடம் இதைச் சொன்னபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

"சரி, இதில் பெரிய படிப்பு என்ன இருக்கிறது" என்று நீங்கள் கேட்கலாம். 2020ஆம் ஆண்டு வேதியியல் நோபல் பரிசு மரபணுவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் முறைக்காக இரண்டு பெண்களுக்குக் கிடைத்தது, இம்மானுவேல் ஷார்பான்டியே, ஜெனிஃபர் டவுட்னா. அந்தக் கதையின் ஒரு முக்கியமான அத்தியாயம் தயிர்க் கல்ச்சரில் எழுதப்பட்டது.

பால் ஆலைகளுக்குப் பெரிய எதிரி ஃபேஜ் என்கிற வைரஸ். மனிதனை ஒன்றும் செய்யாது, பாக்டீரியாவை மட்டும் தாக்கும். 1935இல் நியூசிலாந்தில் சீஸ் கல்ச்சர் செத்துப்போவதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பாஸ்சரைசேஷன் சூட்டையும் பல ஃபேஜ்கள் தாங்கிவிடும். ஒரு தொட்டிக்குள் புகுந்தால் சில மணி நேரத்தில் கல்ச்சர் காலி, பால் பாலாகவே நிற்கும். ஆனால் எல்லாம் செத்த தொட்டியிலும் சில பாக்டீரியா பிழைத்திருக்கும். அவை எப்படிப் பிழைத்தன என்று டானிஸ்கோ என்ற கல்ச்சர் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ரோடோல்ஃப் பராங்கூ, ஃபிலிப் ஹார்வத் ஆகியோர் தெர்மோஃபிலஸை எடுத்துப் பார்த்தார்கள். பிழைத்தவை தங்கள் டிஎன்ஏவின் ஓரிடத்தில் தாக்கிய வைரஸின் சிறு துண்டை வெட்டி ஒட்டி வைத்திருந்தன. போலீஸ் ஸ்டேஷன் சுவரில் திருடன் போட்டோ மாட்டி வைப்பது போல. அடுத்த முறை அதே வைரஸ் வந்தால் அடையாளம் தெரிந்துவிடும். அந்தத் துண்டைச் சேர்த்தால் எதிர்ப்பு வருகிறது, எடுத்துவிட்டால் போய்விடுகிறது. 2007இல் இதை வெளியிட்டார்கள். பாக்டீரியாவுக்கு நோயெதிர்ப்பு நினைவு உண்டு என்று பரிசோதனையில் காட்டியது அதுதான். அந்த நினைவு எப்படி வேலை செய்கிறது என்று தேடிய பாதையில்தான் பிறகு கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரி கிடைத்தது.

அந்த ஆய்வுக்குத் தூண்டுதலே தொட்டியில் பால் தோயாமல் போன பிரச்சினைதான் சார். உங்கள் பெண் அதே பிரச்சினையின் சின்ன வடிவத்தை உங்கள் வீட்டு அடுப்பங்கரையில் பார்த்திருக்கிறாள்.

இனி வேலை விஷயம். ஆசை காட்டிவிட்டு உண்மையை மறைக்க எனக்கு மனம் வராது.

"பால் நுண்ணுயிர் மரபியல்" என்று இளநிலைப் பட்டம் எதையும் தேடாதீர்கள். இது போய்ச் சேரும் இடம், புறப்படும் இடம் இல்லை. புதிய கல்ச்சர் உருவாக்கும் ஆராய்ச்சி வேலைக்கு முதுநிலை கட்டாயம், பெரும்பாலும் முனைவர் பட்டமும் வேண்டும். பள்ளி முடித்துக் குறைந்தது எட்டு, ஒன்பது வருடம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். உலகத்தில் கல்ச்சர் விற்கும் பெரிய நிறுவனங்கள் கைவிட்டு எண்ணும் அளவுதான். அவையும் ஒன்றோடொன்று சேர்ந்து வருகின்றன. டென்மார்க்கில் 1874இல் தொடங்கிய கிறிஸ்டியன் ஹான்சன் நிறுவனம் 2024இல் நோவோசைம்ஸோடு இணைந்து நோவோனெசிஸ் ஆகிவிட்டது. ஆக, அந்த ஒரு வேலையையே குறிவைத்துப் படிக்கச் சொல்ல மாட்டேன்.

ஆனால் வழியில் எங்கே நின்றாலும் பட்டினி இல்லாத பாதை இது. பால் ஆலைத் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒன்று. தயிர் தோயவில்லை என்றால் மாட்டுக்குப் போட்ட ஆன்டிபயாடிக் பாலில் வந்ததா, ஃபேஜா, கல்ச்சரே பழுதா என்று கண்டுபிடிக்க ஆள் வேண்டும். உணவுப் பரிசோதனைக் கூடங்கள், குடலுக்கு நல்ல கிருமிகளைத் தயாரிக்கும் மருந்து நிறுவனங்களின் புரோபயாடிக் பிரிவு, நொதித் தொழிற்சாலைகள் என்று மற்ற இடங்களும் உண்டு. டிஎன்ஏ துண்டை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் போடவும், மரபணு வரிசையைக் கணினியில் படிக்கவும் தெரிந்தவருக்குப் பாலைத் தாண்டியும் கதவுகள் திறக்கும். லாக்டோகாக்கஸின் முழு மரபணுத் தொகுதி 2001இல் படிக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 24 லட்சம் எழுத்துகள்தான், மனிதனுக்கோ 300 கோடி. அதனால் கணினி வழியாக மரபணு படிக்கக் கற்பவர் கைபழக நல்ல சிறிய புத்தகம் இது.

அவள் முன்னால் இருப்பவை இரண்டு பாதைகள். எந்திரம், தொட்டி, உற்பத்தி இவற்றில் விருப்பம் இருந்தால் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் உணவு மற்றும் பால்வளத் தொழில்நுட்பக் கல்லூரி. செங்குன்றம் தாண்டி அலமாதி பக்கம் கொடுவள்ளியில் இருக்கிறது. வில்லிவாக்கத்திலிருந்து அதிக தூரம் இல்லை, வீட்டுச் சாப்பாட்டோடு போய்வரலாம். அங்கே பி.டெக். படித்தால் பால் ஆலை வேலைக்குத் தகுதி நேரடியாக வந்துவிடும். கிருமிக்குள் என்ன நடக்கிறது என்பதில்தான் ஆசை என்றால் பி.எஸ்சி. நுண்ணுயிரியல் அல்லது பி.டெக். உயிர்தொழில்நுட்பம். பிறகு தரமணியில் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் மரபியல் துறை, நுண்ணுயிரியல் துறை இருக்கின்றன. ஹரியானாவின் கர்னாலில் தேசிய பால் ஆராய்ச்சி நிறுவனமும் இருக்கிறது. பால் கல்ச்சர்களைச் சேமித்து வைக்கும் தேசியச் சேகரிப்பு அங்கேதான். அங்கே நுழைய இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஏஆர்) முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். எந்தப் பட்டத்துக்கு எந்தத் துறையில் இடம் என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறலாம். அதனால் கல்லூரியில் சேரும் முன்பே அந்தத் தேர்வின் தகவல் கையேட்டை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

நான் பேசியவரை அவள் இரண்டாவது ரகம். இருந்தாலும் கொடுவள்ளியை ஒருமுறை நேரில் பார்த்துவிட்டு அவளே முடிவு செய்யட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். பட்டத்தின் பெயர் அழகாக இருக்கிறது என்று சேர்க்காதீர்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு மாணவனை நீளமான, புதுமையான பெயர் கொண்ட ஒரு படிப்பில் சேரலாம் என்று நானே சொன்னேன். படித்து முடித்து அரசுப் பணிக்கு விண்ணப்பித்தபோது, அறிவிக்கையில் இருந்த தகுதிப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. பட்டியலில் உள்ள பட்டத்துக்கு இதுவும் சமம் என்று காட்டும் இணைச் சான்றிதழுக்காக அலைந்து ஒரு வருடம் போனது அவனுக்கு. இன்றும் நினைத்தால் உறுத்துகிறது. இளநிலையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர் இருக்கட்டும், சிறப்புத் துறை பிறகு வரட்டும்.

பணம் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்டீர்கள். ஆறாம் வகுப்பிலிருந்து அவள் அரசுப் பள்ளியில் படிப்பதாகச் சொன்னீர்கள் அல்லவா? அப்படியானால் தொழிற்படிப்புகளில் 7.5 சதவீத இடஒதுக்கீடு அவளுக்கு உண்டு. கால்நடைப் பல்கலைக்கழகப் படிப்புகளுக்கும் அது பொருந்தும். எந்தப் பட்டப்படிப்பில் சேர்ந்தாலும் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கு வரும். முனைவர் பட்டத்துக்குப் போகும்போது சிஎஸ்ஐஆர் நெட் என்ற தேசியத் தேர்வில் ஜேஆர்எஃப் என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் முதல் இரண்டு வருடம் மாதம் 37,000 ரூபாய், அதன் மேல் வீட்டு வாடகைப் படி. அந்தத் தேர்வு கடினம், நிறையப் பேர் இரண்டு மூன்று முறை எழுதித்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் முனைவர் படிப்பு என்றால் அப்பா கடன் வாங்க வேண்டும் என்ற கணக்கு இங்கே சரிவராது. மரபணு மாற்றிய பொருளைச் சாப்பிட வைக்கிற வேலையோ என்ற பயமும் உங்களுக்கு வேண்டாம். தயிர், சீஸ் கல்ச்சர்களில் இன்றும் பெரும்பாலும் இயற்கையாக மாறியவற்றைத் தேடிப் பொறுக்கி எடுப்பதுதான் நடைமுறை. மரபணுவைப் படிக்கிறார்கள், எதைப் பொறுக்குவது என்று தெரிந்துகொள்ள.

பாலை விட்டு வெளியே போகவில்லையே என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது சார். கை வெந்து, தூக்கம் கெட்டு, பிள்ளைக்காகச் செய்த தொழில் அது. ஆனால் அவள் அந்தப் பாலைப் பார்த்து வெறுக்காமல் வளர்ந்திருக்கிறாள். அது உங்களால்தான்.

அவளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். ஒரே பாக்கெட் பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் மூன்று டம்ளரில் ஊற்ற வேண்டும். ஒன்றில் வீட்டு உறை, ஒன்றில் பக்கத்து வீட்டு உறை, ஒன்றில் கடைத் தயிர், மூன்றிலும் ஒரே அளவு. மறுநாள் அந்தந்தத் தயிரிலிருந்தே அடுத்த உறை. இப்படி இருபது நாள். தோய்ந்த நேரம், கெட்டி, வாசனை, புளிப்பைக் காட்டும் பிஎச் தாளின் நிறம் எல்லாம் நோட்டில் தேதி போட்டு எழுத வேண்டும். பிஎச் 4.6 பக்கம் வரும்போது பால் தோய்வதை அவளே பார்ப்பாள். தினமும் அரை லிட்டர் பால் செலவாகும், கோபித்துக்கொள்ளாதீர்கள். பரிசோதனை டம்ளர்களை யாரும் சாப்பிட வேண்டாம். நோட்டில் பத்தாம் நாளுக்கு மேலும் எழுத்து தொடர்ந்தால் எனக்குப் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

இருபது நாள் முடிந்து வரும் சனிக்கிழமை, மதியம் பால் பூத்தை மூடிய பிறகு வாருங்கள். பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், அவள் நோட்டு மூன்றையும் எடுத்து வரச் சொல்லுங்கள். இந்த முறை அவளை வெளியே உட்கார வைக்க வேண்டாம்.