ரேஸ் காரைப் பூட்டி வைக்கலாமா?

கேள்வி: இங்கிலாந்தில் குட்வுட் பழைய கார் பந்தயத்தைப் பார்த்ததாக முன்பு எழுதியிருந்தீர்கள். பல கோடி பெறும் அபூர்வமான கார்களை இப்படி ஓட்டி நொறுக்குவது பணத்திமிர் இல்லையா? மியூசியத்தில் வைத்தால் எல்லோரும் பார்க்கலாமே? (வாசகர், கரூர்)

பதில்: வாங்கிப் பூட்டிவைத்து விலை ஏறட்டும் என்று காத்திருக்கிறார்களே, அதைப் பணத்திமிர் என்றால் ஒப்புக்கொள்வேன். ஃபெராரி 250 ஜிடிஓ என்ற அறுபதுகளின் ரேஸ் கார் மொத்தமே 36தான் செய்தார்கள். 2018ல் ஒன்று ஏலத்தில் 4.8 கோடி டாலரைத் தாண்டியது, நம் பணத்தில் அன்றைக்கே 330 கோடிக்கு மேல். அந்த விலை கொடுத்தவருக்கு ஏசி அறையில் போர்த்தி வைக்கத்தான் தோன்றும். ஆனால் அந்த ரகக் கார் ஒன்று குட்வுட்டில் செயின்ட் மேரிஸ் வளைவுக்குள் நாலு சக்கரமும் வழுக்க வந்து, ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துப் பிடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டரை விடாமல் போனதைப் புல்மேட்டில் நின்று பார்த்தேன். டயர் ஒல்லி, பிடிப்பு குறைவு, அதனால் கார் வழுக்குவதும் அதை அவர் மீட்பதும் வெளியே நிற்கிற நமக்கே தெரிகிறது. இன்றைய ஃபார்முலா ஒன்னில் இது கண்ணுக்கே சிக்காது.

மியூசியத்தில் என்ன ஆகும் தெரியுமா? ரப்பர் சீல் எல்லாம் காய்ந்து வெடிக்கும், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தருகிற கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகும், இருபது வருஷம் ஓடாத எஞ்சின் இறுகிப்போகும். அது போகட்டும், மாற்றிவிடலாம். அந்த ஃபெராரியில் 12 சிலிண்டருக்கு ஆறு வெபர் கார்புரேட்டர். ஆறையும் காதால் கேட்டு ஒரே சீராக்குகிற மெக்கானிக்கை எந்த மியூசியத்தில் வைப்பீர்கள்? கார் ஓடினால்தான் அவருக்கு வேலை, வேலை இருந்தால்தான் பக்கத்தில் ஒரு பையன் நின்று கற்றுக்கொள்வான்.

குட்வுட்டுக்கும் ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஸ்பிட்ஃபயர் விமானங்கள் கிளம்பிய தளம், அதைச் சுற்றியிருந்த சாலையைத்தான் 1948ல் பந்தயத் தடமாக்கினார்கள், நீளம் 3.8 கிலோமீட்டர். இங்கிலாந்தின் பெரிய ரேஸ் வீரர் ஸ்டர்லிங் மாஸ் 1962ல் இதே செயின்ட் மேரிஸில்தான் மோதினார். ஒரு மாதம் கோமா, அத்தோடு அவருடைய கிராண்ட் பிரீ வாழ்க்கை முடிந்தது. 1966ல், கார்களின் வேகத்துக்கு இந்தத் தடம் தாங்காது என்று பந்தயத்தை நிறுத்திவிட்டு, 1998ல் திரும்பத் திறந்தார்கள். அதிலிருந்து அநேகமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் பழைய கார்கள்தான் ஓடுகின்றன, பார்க்க வருகிறவர்களிலும் பெரும்பாலோர் அந்தக் கால உடையில் வருகிறார்கள். மாஸும், பழைய கார்களை 81 வயது வரை பந்தயத்தில் ஓட்டிவிட்டுத்தான் ஓய்ந்தார். அவரிடம் போய் மியூசியத்தில் வையுங்கள் என்று சொல்லியிருப்பீர்களா?

அப்புறம் வாசனை. போருக்கு முந்தைய கார்கள் வரிசையாகக் கிளம்பியபோது மூக்கில் ஏறியது விளக்கெண்ணெய்! அந்தக் கால ரேஸ் எஞ்சின்களுக்கு ஆமணக்கிலிருந்து எடுத்த ஆயில்தான் ஊற்றுவார்கள், சிலர் இன்னும் ஊற்றுகிறார்கள். புகையோடு கலந்து வரும் அதை எந்தக் கண்ணாடிப் பெட்டியும் உங்களுக்குத் தராது. குழந்தைகளுக்கும் ஒரு பந்தயம் உண்டு, ஆஸ்டின் ஜே40 என்ற பெடல் காரில். வேல்ஸில், நுரையீரல் கெட்டுப்போன சுரங்கத் தொழிலாளர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தொடங்கிய ஆலையில் செய்தவை அவை.

ஓட்டி நொறுக்குவதைப் பற்றிக் கேட்டீர்கள். யாரும் மோதவிட்டு வேடிக்கை பார்ப்பதில்லை, ஆனால் மோதும். நான் போனபோதும் ஒரு காரின் முன்பக்கம் மண்மேட்டில் நசுங்கியது, ஓட்டியவர் தானே இறங்கி நடந்தார். அன்று மாலை கூடாரத்துக்கு வெளியே இரண்டு பேர் அலுமினியத் தகட்டை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தட்டுவது, விரலால் தடவிப் பார்ப்பது, மறுபடி தட்டுவது. மறுநாள் பெயின்ட் அடிக்காத மூக்கோடு அந்தக் கார் வரிசையில் நின்றது. பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஊர்க்காரர் நீங்கள், அந்தக் கைவேலையின் அருமையை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

நமக்கும் இதில் சம்பந்தம் உண்டு. ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய சென்னைக்காரர் கருண் சந்தோக் குட்வுட்டில் பழைய கார்களை ஓட்டியிருக்கிறார். நம்முடைய சோழவரமும் போர்க்கால விமான ஓடுதளம்தான். 1990ல் இருங்காட்டுக்கோட்டை தடம் வருவதற்கு முன்பு பல வருஷம் அங்கே ரேஸ் பார்க்கக் கூட்டம் அலைமோதியது. அங்கே ஓடிய கார் ஏதாவது உங்கள் பக்கத்தில் எந்த ஷெட்டிலாவது சாக்கு போர்த்திக் கிடந்தால் எழுதுங்கள். கோவைப் பக்கம் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, அந்தக் காரை அங்கே ஓடவைக்க யாரைப் பிடிக்கவேண்டுமோ அவரைப் பிடிக்க நான் தயார்.