காசே வாங்காத ஏஜென்டிடம் மகளின் பாஸ்போர்ட்

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். எங்கள் ஊர் இரணியல் பக்கம். முந்திரி ஆலையில் வேலை பார்க்கிறேன். கணவர் இல்லை. மகளுக்கு 22 வயது, பி.காம். முடித்திருக்கிறாள். துபாயில் ஓட்டல் வரவேற்பறையில் வேலை, மாதம் 55 ஆயிரம் என்று தூரத்துச் சொந்தத்தில் ஒரு மயினி சொன்னார். அதை நம்பி மார்த்தாண்டத்தில் ஒருவரிடம் பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். அவர் எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. விசா, டிக்கெட் எல்லாம் அவர் செலவு. வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று 20 ஆயிரமும் தந்தார். எழுதாத முத்திரைத்தாளில் மகளிடம் கையெழுத்து வாங்கினார். பிறகு அவளுடைய முழு உருவப் படம், உயரம், எடை எல்லாம் கேட்டார். விசிட் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். மகளோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் போகிறார்களாம். எனக்குப் பயம் வந்து பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கேட்டால் 80 ஆயிரம் கட்டச் சொல்கிறார். கட்டி வாங்கிவிடவா? போலீசுக்குப் போனால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடுமே?

பதில்: கட்டாதீர்கள் அம்மா. நகையை அடகு வைத்தாவது பிரச்சினையை முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட் அந்த ஆளுக்குச் சொந்தமில்லை, சொல்லப்போனால் உங்கள் மகளுக்கும் சொந்தமில்லை. 1967-ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டத்தின் 17-ஆவது பிரிவு அது எப்போதும் மத்திய அரசின் சொத்து என்கிறது. அரசின் சொத்தை ஈடாகப் பிடித்து வைத்துக்கொண்டு பணம் கேட்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. அவர் கேட்கும் 80 ஆயிரம் கடன் பாக்கி இல்லை, மிரட்டிப் பறிக்கப் பார்க்கும் பணம்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. "எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை அவருடைய நல்ல குணத்துக்குச் சான்றாகத்தான் முதலில் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் விசாவுக்கு இரண்டு லட்சம், மூன்று லட்சம் கொடுத்து ஏமாறாத தெரு இல்லை. அதனால் பணம் கேட்பவன் திருடன், கேட்காதவன் யோக்கியன் என்று ஒரு கணக்கு நம் மக்களிடம் ஊறிவிட்டது. இருபது வருடமாக நாகர்கோவில் நீதிமன்றத்தில் இந்த வழக்குகளைப் பார்த்துவரும் நான் சொல்கிறேன், பணம் கேட்பவனைவிடக் கேட்காதவனைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும். விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் தன் கையிலிருந்து போட்டு, மேலே 20 ஆயிரமும் கொடுக்கிறவர் அந்தப் பணத்தை யாரிடமிருந்து திரும்ப எடுப்பார்? அங்கே பெண்ணை வாங்கிக்கொள்கிறவரிடமிருந்து எடுப்பார். அங்கே போனதும் உனக்காக இத்தனை லட்சம் செலவாகியிருக்கிறது, அது தீரும்வரை நாங்கள் சொன்னபடி நீ கேட்க வேண்டும் என்பார்கள். சம்பளம் கைக்கு வராது, கடனும் தீராது.

வரவேற்பறை வேலைக்கு எடை எதற்கு அம்மா? போன வருடம் ஒரு தாய் என் மேசையில் ஒரு கைப்பேசியை வைத்தார். அவருடைய மகளுக்குத் துப்புரவு வேலை என்று சொல்லியிருந்தார்கள். ஏஜென்டின் குரல் பதிவு ஒன்று அதில் இருந்தது: "அந்தப் படம் சரியில்லை, முடியை விரித்துப் போட்டு, நின்ற மேனிக்கு இன்னொன்று அனுப்பு." தரை துடைக்கப் போகும் பெண்ணின் முடி எப்படி இருந்தால் என்ன? அந்தத் தாய் அதை எனக்குப் போட்டுக் காட்டும்போதுதான் தானே முதல்முறையாகக் காதுகொடுத்துக் கேட்டார். அவருடைய கை நடுங்கியதை நான் பார்த்தேன்.

உங்கள் மகளுக்கு அங்கே காத்திருப்பது பாலியல் தொழில்தான் என்று ஒரு கடிதத்தை வைத்து என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வெறும் வேலை மோசடியாகவும் இருக்கலாம். ஆனால் இரண்டுக்கும் விமானம் ஏறும்வரை பாதை ஒன்றுதான். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் மற்ற அமைப்புகளும் சேர்ந்து 2022-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, உலகில் கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். அவர்களில் 63 லட்சம் பேர் பாலியல் தொழிலில் வலுக்கட்டாயமாக வைக்கப்பட்டிருப்பவர்கள், அந்த 63 லட்சத்தில் ஐந்தில் நான்கு பங்குக்குக் கிட்டத்தட்டப் பெண்களும் சிறுமிகளும். இதை நவீன அடிமைமுறை என்கிறார்கள். நமக்கு அது புரியாத சொல் இல்லை. நம் பக்கத்து அழகியபாண்டியபுரம் முதலியார் குடும்பத்தின் பழைய ஓலை ஆவணங்களில் ஆட்களை விற்றதற்கான அடிமைச் சீட்டுகள் இருக்கின்றன. அன்று நம் பகுதியை ஆண்ட திருவிதாங்கூர் அரசு 1855-இல் அடிமைமுறையை ஒழித்தது. அன்றைக்கு ஓலையில் எழுதி விற்றார்கள். உங்கள் மகளிடம் எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

இனி சட்டம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 143-ஆவது பிரிவுதான் ஆள் கடத்தலுக்கானது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 370. கடத்தல் என்றதும் வாயைப் பொத்தி வேனில் தூக்கிப் போவதை நினைக்காதீர்கள். சுரண்டும் நோக்கத்தோடு ஏமாற்றியோ ஆசை காட்டியோ ஒருவரை வேலைக்கென்று சேர்த்தாலே குற்றம், விமானம் ஏற்றியிருக்க வேண்டியதில்லை. பெண்ணின் பொறுப்பில் இருப்பவருக்குப் பணம் கொடுத்துச் சம்மதம் வாங்குவதையும் அந்தப் பிரிவு வெளிப்படையாகவே சொல்கிறது. உங்களுக்குத் தந்தாரே 20 ஆயிரம், அது இதுதான். பாதிக்கப்பட்டவரின் சம்மதம் கணக்கில் வராது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. ஆகவே "பெண் விரும்பித்தானே பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள்" என்று ஸ்டேஷனில் யாராவது கேட்டால் தலை குனியாதீர்கள். குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு கடுங்காவல். ஒன்றுக்கு மேற்பட்டவர்களைக் கடத்தினால் குறைந்தது 10 ஆண்டு, ஆயுள் வரை போகும்.

ஒரு விலக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் மாவட்டத்துப் பெண்கள் விழுவது இந்த ஓட்டையில்தான். பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் பாஸ்போர்ட்டில் குடியேற்றச் சோதனை தேவை என்ற குறிப்பு இருக்கும். ஈ.சி.ஆர். என்பார்கள். அப்படிப்பட்ட பாஸ்போர்ட் உள்ள பெண், வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக வேண்டுமானால் 30 வயது நிரம்பியிருக்க வேண்டும், அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். தமிழ்நாட்டில் அந்த நிறுவனம் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். நல்ல வேலிதான். ஆனால் பத்தாம் வகுப்புத் தேறிவிட்டால் அந்தக் குறிப்பே பாஸ்போர்ட்டில் வராது, வேலியும் கிடையாது. 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருந்தது நம் மாவட்டம். நம் பிள்ளைகளில் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் எத்தனை பேர்? படித்தவளை ஏமாற்ற முடியாது என்று டெல்லியில் யாரோ முடிவு செய்ததன் பலன், உங்கள் பி.காம். மகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அவள் நர்சிங் படித்திருந்தால் கதையே வேறு. அந்த 18 நாடுகளுக்கு நர்சாகப் போகிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் குடியேற்ற அனுமதி கட்டாயம். நர்சுக்கு உண்டு, ஓட்டலுக்குப் போகும் பட்டதாரிக்கு இல்லை. இதில் விசிட் விசா வேறு. சுற்றுலாப் பயணி என்று வாயால் சொல்லிவிட்டால் எந்தச் சோதனையும் அவளைத் தொடாது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் கேட்டால் ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல், திரும்பும் டிக்கெட்டைக் காட்டு என்று சொல்லிக் கொடுத்துதான் அனுப்புவார்கள். அங்கே இறங்கியபின் விசிட் விசாவில் வேலை செய்வது அந்த நாட்டுச் சட்டப்படி குற்றம். போலீசுக்குப் போனால் உன்னைத்தான் பிடிப்பார்கள் என்று மிரட்ட இதுவே போதும். வேலை விசா கையில் வராமல் யாரும் ஏறக்கூடாது, அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்ற பேச்சையே நம்பக்கூடாது.

ஆனால் ஏஜென்டுக்கு இந்த விலக்கு உதவாது. பெண் படித்தவளோ படிக்காதவளோ, வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பெயரைத் தட்டினால் தெரிந்துவிடும். பதிவு பெற்றவரே தொழிலாளியிடம் 30 ஆயிரம் ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது. உங்கள் ஆள் பெரும்பாலும் சப் ஏஜென்டாக இருப்பார். "எங்கள் ஆபீஸ் மும்பையில் இருக்கிறது" என்பார். அந்த மயினியும் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் வாங்கியிருக்கலாம். நம்மூர்க்காரர், நம் சர்ச்சுக்காரர், நம் ஆள் என்று எவ்வளவுதான் கேட்டுவிட்டேன்! பெண்ணை நம்ப வைக்க இன்னொரு பெண்ணைத்தான் அனுப்புவார்கள் அம்மா.

பதிவில்லாமல் ஆள் எடுத்தால் அந்தச் சட்டத்தில் என்ன தண்டனை தெரியுமா? இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 ரூபாய் வரை அபராதம். நாற்பது ஆண்டுக்கு முன் எழுதிய தொகை. ஒரு பெண்ணின் வாழ்க்கையை விற்பவனுக்கு ஒரு பவுன் காசில் சிறு துணுக்கு! எழுதும்போதே எனக்கு ஆத்திரம் வருகிறது. போதாக்குறைக்கு, வழக்குத் தொடுக்க மத்திய அரசின் முன் அனுமதி வேண்டும் என்று 27-ஆவது பிரிவு சொல்கிறது. ஸ்டேஷனில் மனுவைத் தள்ளிவிட இதைத்தான் சொல்வார்கள். அதே பிரிவின் அடியில் உள்ளதை மட்டும் சொல்ல மாட்டார்கள். வெளிநாடு போக இருந்தவரோ அவருடைய தாய், தந்தை, கணவர், உடன்பிறந்தவர் போன்றவர்களோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி தேவையில்லை. நீங்கள் தாய். இதை ஒரு தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மனுவை வெள்ளைத்தாளில் தேதிவாரியாக எழுதுங்கள். 20 ஆயிரம் வாங்கியதை மறைக்காதீர்கள். முதலில் நீங்களாகச் சொல்வதுதான் உங்களுக்குப் பாதுகாப்பு, அவருக்கு எதிரான சாட்சியும் அதுவே. அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டியிருந்தாலும் ரொக்கமாக அவர் கையில் கொடுக்க வேண்டாம். எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கியதை மனுவில் எழுதிவிட்டால், நாளை அதில் அவர் எத்தனை லட்சம் நிரப்பினாலும் எதிர்த்து நிற்க நமக்குப் பிடி கிடைக்கும். வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு, அனுப்பிய படம் எதையும் அழிக்கக் கூடாது. மகள் வெட்கப்பட்டு அழிக்கப் பார்ப்பாள், இன்றைக்கே இன்னொரு கைப்பேசியில் பிரதி எடுங்கள்.

மனுவை ஸ்டேஷனில் கொடுத்து ரசீது கேளுங்கள். மார்த்தாண்டம் எங்கள் எல்லை இல்லை என்று இரணியலில் சொன்னால், எந்த ஊரில் நடந்த குற்றமானாலும் எந்த ஸ்டேஷனும் பதிவு செய்ய வேண்டும் என்று இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு இருக்கிறது. வாங்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை மனுவும் கொடுக்கலாம், ஆனால் அது சுற்றிச் சுற்றி அதே ஸ்டேஷனுக்குத்தான் வந்து சேரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

"பிள்ளைதான் இன்னும் போகவில்லையே, பாஸ்போர்ட்டை வாங்கித் தருகிறோம், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்" என்று ஸ்டேஷனிலேயே பேசி முடிக்கப் பார்ப்பார்கள். பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் புகாரை வாபஸ் பெறுகிறேன் என்று எழுதித் தராதீர்கள். வெளியே ஒருவர் நின்று, "எனக்கு மேலே ஆள் இருக்கிறது, பத்தாயிரம் தந்தால் முடித்துத் தருகிறேன்" என்பார், அவரிடமும் ஏமாறாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருகிறது நாகர்கோவில் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. தொலைபேசி 15100. உடனடி ஆபத்தென்றால் 112, பெண்களுக்கான உதவி எண் 181.

இன்னொரு குழி இருக்கிறது. ஆன்லைன் விண்ணப்பம் போடும் கடைகளில், "பாஸ்போர்ட் தொலைந்துவிட்டது என்று எழுதிப் புதிதாக எடுத்துவிடலாம்" என்று யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுப்பது பாஸ்போர்ட் சட்டத்தில் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். உங்கள் மகள் குற்றவாளியாகிவிடுவாள், பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பவர் சிரித்துக்கொண்டிருப்பார்.

பெயர் கெட்டுவிடுமா என்று கேட்டீர்கள். புகாரை உங்கள் பெயரிலேயே கொடுக்கலாம். உங்கள் மகள் வேலை தேடினாள், வேறெதுவும் செய்யவில்லை. முதல் தகவல் அறிக்கையை இணையத்தில் ஏற்ற வேண்டாம் என்று மனுவிலேயே ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். ஊர் நாலு நாள் பேசும், அதை நான் இல்லை என்று சொல்லவில்லை.

கடைசியாக, நீங்கள் போகிற போக்கில் எழுதியிருந்தீர்களே, இன்னும் இரண்டு பிள்ளைகள் போகிறார்கள் என்று. அதை நான் இரண்டு முறை வாசித்தேன். அவர்களுடைய பாஸ்போர்ட்டும் அதே மேசை இழுப்பறையில்தான் இருக்கும். உங்களுக்கு வந்த பயம் அந்த வீடுகளுக்கு இன்னும் வரவில்லை போலிருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போகும் முன், இன்று மாலையே அந்த இரண்டு தாய்மாரையும் போய்ப் பாருங்கள். எடை கேட்டதையும் படம் கேட்டதையும் 80 ஆயிரம் கேட்பதையும் அப்படியே சொல்லுங்கள். மூன்று பேருமாக மனுவில் கையெழுத்துப் போட்டு வந்தால், நானும் உங்களோடு ஸ்டேஷனுக்கு வருகிறேன்.