ரப்பர் முறுக்கி விமானம் விடுவோருக்கு: கேள்வி பதில்

கேள்வி (பொள்ளாச்சி, பள்ளி ஆசிரியர்): மாணவர்களின் மாதிரி விமானத்தில், புரொப்பெல்லரைச் சுழற்ற முறுக்கும் ரப்பர் அடிக்கடி அறுகிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. அது ரப்பருக்குள் ஊறி இழையை உப்பச் செய்துவிடும். கிரீஸும் இயந்திர எண்ணெயும் அதைவிடக் கெடுதல். விளக்கெண்ணெயைச் சில சொட்டு உள்ளங்கையில் விட்டு, இழைகள் முழுவதும் மினுங்கும்படி பூசி, மிகுதியைத் துணியால் ஒற்றி எடுங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். உலர்ந்த ரப்பர் உராய்கிற இடத்தில்தான் கீறல் விழுகிறது. முறுக்குபவரும் பிடித்துக்கொள்பவரும் கட்டாயம் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும்.

கேள்வி (கோபி): சைக்கிள் டியூபை வெட்டிப் பயன்படுத்தலாமா?

பதில்: கூடாது. பெரும்பாலான டியூப்கள் பியூட்டைல் ரப்பரால் ஆனவை; முறுக்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தராது.

கேள்வி (திருப்பூர்): எத்தனை சுற்று முறுக்கலாம்?

பதில்: உங்கள் ரப்பரிடமே கேளுங்கள். அதே நீளத்தில், அதே எண்ணிக்கை இழைகளோடு இன்னொன்று கட்டி, விமானத்துக்கு வெளியே அறுகிற வரை முறுக்கி எண்ணுங்கள். அதில் 80 சதவீதத்தோடு பறக்கவிடத் தொடங்கலாம். கை டிரிலால் முறுக்கினால், கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு அதன் தலை எத்தனை முறை சுழல்கிறது என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நீளத்தை மாற்றாமல் இழைகளை இரட்டிப்பாக்கினால் தாங்கும் சுற்று ஏறத்தாழ 0.7 பங்காகக் குறையும், சுழல்விசையோ (புரொப்பெல்லரைச் சுழற்றும் விசை) 2.8 மடங்காகும்.

கேள்வி (ஈரோடு): இழுத்து முறுக்கினால் ரப்பர் தளர்ந்துவிடும். விமானத்தில் மாட்டியபடியே விரலால் புரொப்பெல்லரைச் சுற்றுவதே சரியான முறை.

பதில்: இதை நான் ஏற்கவில்லை. இழுக்காத ரப்பரில் முறுக்கு ஓரிடத்தில் திரண்டு முடிச்சாக, மற்ற இடம் தளர்வாகவே நிற்கும். துணைக்கு ஒருவர் விமானத்தை, ரப்பரின் பின்முனை மாட்டிய பின்புறக் குச்சி அருகே உறுதியாகப் பிடித்துக்கொள்ள, ரப்பரை முன்பக்கமாக அதன் நீளத்தைப் போல் நான்கைந்து மடங்கு இழுத்து, நின்ற இடத்திலேயே பாதிச் சுற்றுகளை ஏற்றுங்கள். பிறகு முறுக்கிக்கொண்டே மெல்ல மெல்ல நெருங்கி வந்தால், கடைசிச் சுற்று விழும்போது ரப்பரின் முன்முனையில் மாட்டிய கொக்கி விமானத்தின் மூக்கைத் தொட்டிருக்கும். முறுக்கு முழு நீளத்துக்கும் சீராகப் பரவுவதால் அதே ரப்பர் கூடுதல் சுற்றுகளைத் தாங்கும்.

கேள்வி (மீண்டும் ஈரோடு): இழுத்த ரப்பர் நீண்டுவிடுகிறதே, அது தளர்ச்சி இல்லையா?

பதில்: புது ரப்பர் முதல் சில இழுப்புகளில் சற்று நீளும். அதனால்தான் முதல் முறுக்குக்கு முன்பே சில முறை நிதானமாக இழுத்துவிட்டு, ஓய்வு கொடுத்துப் பழக்க வேண்டும். பழக்காத ரப்பரை முதல் நாளே முழுதாக முறுக்கினால் நீங்கள் சொல்லும் கோளாறு வரத்தான் செய்யும். குற்றம் இழுப்பதில் இல்லை.

கேள்வி (கரூர்): ஈரோட்டு நண்பர் சொல்வதே சரி. என் விமானம் இழுக்காமலே நன்றாகப் பறக்கிறது.

பதில்: குறைந்த சுற்றுகளுக்கு அது போதும். ஒரே ரப்பரில் இரண்டு துண்டு வெட்டி, இரண்டு முறையிலும் அறுகிற வரை முறுக்கி எண்ணிய பிறகு எழுதுங்கள். அதற்கு முன் இந்த வாதத்தை நான் தொடரப்போவதில்லை.

கேள்வி (பல்லடம்): ரப்பர் அறுகிறது, எந்த எண்ணெய் பூசுவது?

பதில்: பொள்ளாச்சி ஆசிரியருக்கு எழுதியதைப் படியுங்கள். கண்ணாடியையும் மறவாதீர்கள்.

கேள்வி (அவிநாசி): ட்ரோனுக்கு எந்த மோட்டார் வாங்கலாம்?

பதில்: அது என் துறையன்று, மின்மோட்டார் அறிந்தவரைக் கேளுங்கள்.

கேள்வி (உடுமலை): ஆடி மாதத்தில் பறக்கவிடலாமா?

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பகலில் விடாது, விடியற்காலையில் முயலுங்கள். முறுக்கிய விமானத்தைக் கையில் வைத்துக்கொண்டு காற்று அடங்கட்டும் என்று காத்திருக்காதீர்கள், ஏனெனில் முறுக்கிய நிலையில் இருக்க இருக்க ரப்பரின் விசை குறைந்துகொண்டே போகும். காற்று அடங்கிய பிறகே முறுக்கத் தொடங்குங்கள்.