பத்து, இருபது ஆண்டு கழித்தும் வருந்தாத முடிவுகளை எடுத்து நிதானமாக வாழ்வது எப்படி?

இதற்கு விடையாகச் சொல்ல என்னிடம் இருப்பது மனை வாங்கிய அனுபவம் ஒன்றுதான்.

2017 சித்திரையில் பாளையங்கோட்டைக்கு வெளியே ஐந்து சென்ட் மனை ஒன்று விலைக்கு வந்தது. பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் சரியாக இருந்தன. பேருந்து நிறுத்தமும் பக்கம். முன்பணம் கொடுக்கக் கிளம்பிய அன்று, சேரன்மகாதேவியில் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நெல் பயிரிடும் என் தாய்மாமா, "சித்திரையில பாத்து மனை வாங்கப்பிடாது மருமவனே, கார்த்திகையில போய் நின்னு பாரு" என்றார். அதற்குள் விலை ஏறிவிடும் என்று தரகர் எச்சரித்தார், ஏறவும் செய்தது.

காத்திருந்த மாதங்களில், ஊர் நிலங்களின் வகையைக் குறித்துவைக்கும் ‘அ’ பதிவேட்டைப் பார்த்தபோது அந்த நிலம் நஞ்சை, அதாவது தண்ணீர் பாயும் வயல், என்றிருந்தது. அதன் பிறகுதான், மேற்கே ஒரு குளம் இருப்பதும், அது நிறைந்தால் மறுகால் பாயும் ஓடை அந்த மனைப்பிரிவின் ஓரமாகவே செல்வதும் என் கண்ணில் பட்டன. கார்த்திகை மழையில் போய் நின்றேன். எல்லைக்கல் தண்ணீருக்குள் இருந்தது. ஊரை விட்டு இன்னும் தள்ளி, மேட்டில் மூன்று சென்ட் மட்டும் வாங்கினேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 செ.மீ. கொட்டிய அந்த மழையின்போது, திருநெல்வேலிச் சந்திப்புப் பேருந்து நிலையமே வெள்ளத்தில் நின்றது. எங்கள் தெருவில் கணுக்கால் அளவுதான். முதலில் பார்த்த மனையில் வீடு கட்டியவர்கள் இரண்டு இரவு மொட்டைமாடியில் கழித்ததாகக் கேள்விப்பட்டேன்.

வீட்டுக் கடனிலும் இதே கணக்கைப் போட்டேன். 25 லட்சத்தை 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 21,700 ரூபாய். 15 ஆண்டுக்கு என்றால் சுமார் 24,600. வட்டி விகிதம் மாறாதிருந்தால், மாதம் 2,900 ரூபாய் கூடுதலாகக் கட்டுவதால் மொத்தத்தில் ஏழேமுக்கால் லட்சம் மிஞ்சுகிறது. தீபாவளிக்குப் புது வண்டி வாங்கும் ஆசையை அந்த ஆண்டு அடக்கிக்கொண்டது அதற்காகத்தான்.

ஆனால் காத்திருப்பதெல்லாம் நிதானமாகிவிடாது. அம்மாவின் கண்புரை அறுவைச் சிகிச்சையை, "யோசித்துச் செய்வோம்" என்று சொல்லியே இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டேன். மனைக்காகக் காத்திருந்தபோது பதிவேட்டைப் புரட்டினேன், நேரில் போய்ப் பார்த்தேன். இதில் ஒரு மருத்துவரைக்கூடக் கேட்கவில்லை. அது வெறும் பயம். அம்மா படியில் தடுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்த பிறகே மருத்துவமனைக்குப் போனோம்.

மேட்டு மனையிலும் ஒரு குறை உண்டு. கோடையில் ஆழ்துளைக் கிணறு வற்றி, லாரித் தண்ணீர் வாங்குகிறோம். மாமாவிடம் முறையிட்டால், "அதுக்கு இந்த மனையைச் சித்திரையில வந்து பாத்திருக்கணும்லா" என்கிறார்.