மலைக் கிராமச் சாலைகளில் சைக்கிள்: கேள்வி பதில்

மலைக் கிராமங்களுக்குப் போகும் சின்னச் சாலைகளில் பல வருடங்களாகச் சைக்கிள் ஓட்டுகிறேன். பாதையை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படி ஏறுவது, எப்படிப் பத்திரமாக இறங்குவது என்று பலரும் கேட்டவற்றுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

கேள்வி: வண்டி அதிகம் ஓடாத சாலையை மேப்பைப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா? போன முறை மெல்லிய கோடாகத் தெரிந்த சாலையை நம்பிப் போனேன். நாள் முழுக்க டிப்பர் லாரிகளுக்கு ஒதுங்கி நின்றதுதான் மிச்சம்.

ஓரளவு முடியும். ஆனால் கோட்டின் தடிமனை நம்பாதீர்கள். அந்தச் சாலை எங்கே போய் முடிகிறது, அங்கே யாருக்கு என்ன வேலை என்று பாருங்கள். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும்: சாலையின் கோடியில் ஒரு கல் குவாரி. சாட்டிலைட் படத்தில் பச்சைக்கு நடுவே சாம்பல் நிறத்தில் மலை வெட்டுப்பட்டுத் தெரியும். கிளம்புவதற்கு முன் இதைப் பார்த்துவிட்டால் ஒரு நாள் பிழைக்கும். அருவி, அணை, காட்சிமுனை என்று முடியும் சாலைகள் வாரநாளில் வெறிச்சோடிக் கிடக்கும். விடுமுறை நாளில் கார் வரிசைக்கு நடுவே மாட்டிக்கொள்வீர்கள்.

நான் முதலில் தேடுவது பழைய சாலையை. புதிதாக நெடுஞ்சாலையோ சுரங்கப்பாதையோ போட்ட இடங்களில், பழைய சாலை பெரும்பாலும் பக்கத்திலேயே வளைந்து வளைந்து கிடக்கும். அவசரக்காரர்கள் எல்லோரும் புதியதில் போய்விடுவார்கள். அடுத்து, இரண்டு ஊர்களுக்கு நடுவே பெரிய சாலையைவிட நீளமான சுற்றுப்பாதை. குறுக்குவழியாக இருந்தால் போனில் வழி கேட்கும் ஒவ்வொரு காரும் அதில் வந்துவிடும். சுற்றுவழிக்கு யாரும் வரமாட்டார்கள்.

அந்தப் பக்கத்து மக்களிடம் விசாரிக்கும்போது "வண்டி வருமா?" என்று கேட்காதீர்கள். தினமும் பார்க்கிறவர்களுக்கு இருபது லாரி ஒரு பொருட்டே இல்லை. "ஒண்ணும் வராது" என்பார்கள். "லாரி எந்த நேரத்தில் வரும்?" என்று கேளுங்கள். சரியான பதில் கிடைக்கும்.

கேள்வி: 12 கிலோமீட்டரில் 600 மீட்டர் ஏற்றம். சராசரி 5 சதவீதம்தானே, சமாளித்துவிடலாமா?

சராசரியை நம்பிக் கிளம்பிவிடாதீர்கள். அந்த 12 கிலோமீட்டரில் 3 கிலோமீட்டர் சமதளம், நடுவில் ஒரு கிலோமீட்டர் 60 மீட்டர் இறக்கம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 8 கிலோமீட்டரில் நீங்கள் ஏற வேண்டியது 660 மீட்டர். அது 8 சதவீதத்துக்கும் மேல். முழங்காலுக்கு இது முற்றிலும் வேறு பயணம்.

சமஉயரக் கோடுகள் உள்ள மேப்பை எடுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சாலை எத்தனை கோடுகளை வெட்டுகிறது என்று எண்ணுங்கள். கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம் இருந்து, சாலை ஐந்து கோடுகள் ஏறினால், 100 மீட்டர் ஏற்றம். அதாவது 10 சதவீதம். எந்த இடத்தில் கஷ்டம் வரும் என்று முன்பே தெரிந்தால் அதற்கு முன் மூச்சைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். குதிரை வண்டிக் காலத்தில் போட்ட சாலைகள் பெரும்பாலும் மிதமாகவே ஏறும், ஏனென்றால் சுமை இழுக்கும் குதிரைக்குச் செங்குத்து ஆகாது. இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய்ச் சாலை 1825-ல் திறக்கப்பட்டது. 2,757 மீட்டர் உயரத்துக்கு ஏறுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள். அத்தனை வளைவுகள் போட்டதால்தான் சராசரிச் சரிவு 7 சதவீதத்தை ஒட்டி நிற்கிறது. வளைவு நிறைய இருக்கிறதே என்று மிரளாதீர்கள், வளைவே இல்லாமல் நேராக மேலே போகும் கான்கிரீட் சாலைதான் மூச்சை வாங்கும்.

கேள்வி: அண்ணா, என் ரோடு சைக்கிளில் முன்னால் சின்னப் பல்சக்கரம் 34 பல், பின்னால் பெரியது 28 பல். கூட வருகிறவர்கள் இதுவே போதும் என்கிறார்கள். பின்னால் 34 பல்லுக்கு மாற்றினால் கேலி செய்கிறார்கள்.

மாற்றிவிடு தம்பி. கணக்கைப் பார். முன்னால் 34, பின்னால் 28 என்ற கியரில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு சுமார் 9 கிலோமீட்டர் வேகம் வரும். நீயும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால், 8 சதவீத ஏற்றத்தில் அதற்கு 180 வாட் சக்தி வேண்டும். முன்னால் 34, பின்னால் 34 என்றால் அதே 60 சுற்றுக்கு ஏழரை கிலோமீட்டர் வேகம், 150 வாட் போதும். இந்த 30 வாட்தான் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு நீ மிதித்துக்கொண்டிருப்பாயா, தள்ளிக்கொண்டிருப்பாயா என்று முடிவு செய்யும்.

இந்தக் கேலி புதிதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே பிரான்சில் பால் த விவி என்பவர் மலையேற கியர் மாற்றும் சைக்கிள் வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். டூர் த பிரான்ஸ் என்ற சைக்கிள் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்ச், கியர் மாற்றுவதெல்லாம் வயதானவர்களுக்கு என்று எண்ணியவர். அந்தப் போட்டியில் டீரெய்லரை, அதாவது செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவியை, 1937-ல்தான் அனுமதித்தார்கள். இன்று கியர் இல்லாமல் அங்கே யாரும் ஏறுவதில்லை.

வாங்குவதற்கு முன் ஒரு விஷயம்: பின் டீரெய்லர் 34 பல்லைத் தாங்குமா என்று கேட்டுக்கொள். சிலவற்றுக்கு 28 அல்லது 30 வரைதான் எட்டும்.

கேள்வி: ஏறுவதில் பிரச்சினை இல்லை. இறக்கத்தில்தான் பயம். பிரேக்கை விடவே மனம் வராமல் கடைசிவரை பிடித்துக்கொண்டே வருகிறேன். இது தவறா?

பயம் தவறில்லை. பிடித்துக்கொண்டே வருவது ஆபத்து.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். நீண்ட இறக்கம், சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக். நானும் உங்களைப் போல் விரலை எடுக்காமல் வந்தேன். ஒரு வளைவுக்குச் சற்று முன் பின் டியூப் பட்டாசு போல வெடித்தது. நல்ல வேளையாகப் பின் சக்கரம். தடுமாறி ஓரமாக நிறுத்திவிட்டேன். பாட்டிலிலிருந்து ரிம் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டேன். சுர்ரென்று சத்தம் வந்து, சொட்டு இருந்த இடத்தில் வெள்ளைத் தடம் மட்டும் மிஞ்சியது.

85 கிலோ எடை 500 மீட்டர் கீழே இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், ஒன்றேகால் லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் அளவு. வேகமாகப் போகும்போது அதில் பெரும்பகுதியைக் காற்று வாங்கிக்கொள்கிறது. மெதுவாக, பிரேக்கைப் பிடித்தபடியே வந்தால் அவ்வளவும் ரிம்முக்குள்ளோ டிஸ்க்குக்குள்ளோதான் போகும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். நேரான இடத்தில் நிமிர்ந்து உட்காருங்கள், நெஞ்சில் மோதும் காற்றே வேகத்தைக் குறைக்கும். வளைவு வருவதற்கு முன்பே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, விட்டுவிடுங்கள். சக்கரம் குளிர அந்த இடைவெளி வேண்டும். வளைவுக்குள் வெளிப்பக்கப் பெடல் கீழே, எடை முழுக்க அதன் மேல்; பார்வை முன் சக்கரத்தில் இல்லாமல் வளைவு முடியும் இடத்தில். எதிர்ப்பக்கம் காலியாகத் தெரிந்தாலும் உங்கள் பக்கத்தை விட்டுப் போகாதீர்கள். பிரேக் சூடாகிவிட்டது என்று தோன்றினால் நின்று, அது தானாகக் குளிரும்வரை காத்திருங்கள்.

தரையையும் பார்க்க வேண்டும். வண்டி குறைந்த சாலையில் ஜல்லியை ஒதுக்கித் தள்ள டயர்கள் இல்லை. வளைவிலேயே சேர்ந்து கிடக்கும். மர நிழலில் ஈர இலை. உச்சி வெயிலில் இளகிய தார் அதைவிட மோசம். 2003 டூர் த பிரான்ஸில், வெற்றிக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்த ஹொசேபா பெலோகி, காப் நகரத்துக்கு இறங்கும் வழியில் இளகிய தாரில் சறுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தது. சைக்கிள் ஓட்டுவதே தொழிலாக இருந்தவருக்கே இந்தக் கதி.

கேள்வி: நான் பெண், தனியாகப் போக ஆசை. வீட்டில் தயங்குகிறார்கள். எப்படித் தொடங்கலாம்?

முதல் சில முறை ஒரே சாலையில் ஏறி அதே சாலையில் திரும்புங்கள். எங்கே தண்ணீர் கிடைக்கும், எந்தத் திருப்பத்தில் சிக்னல் போகும், எந்த வீட்டில் ஆள் இருக்கும் என்று ஏறும்போதே தெரிந்துவிடும். எந்த இடத்தில் களைத்தாலும் வீடு திரும்பும் வழி இறக்கமாக இருக்கும்.

வீட்டில் பாதையையும் "இத்தனை மணிக்குள் போன் வராவிட்டால் தேடுங்கள்" என்ற நேரத்தையும் சொல்லுங்கள். மேப்பை முன்பே போனில் இறக்கி வையுங்கள். பஞ்சர் ஒட்டுவதை வீட்டிலேயே பத்து முறை செய்து பழகுங்கள். ஆள் இல்லாத சாலையில் உதவியும் இருக்காது என்பதை நான் லேசாகச் சொல்லவில்லை. யாராவது நின்று பேச்சுக் கொடுத்து, உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், மரியாதை பார்க்காமல் சைக்கிளைத் திருப்பி இறங்கிவிடுங்கள்.

கேள்வி: நாய் துரத்தினால்?

ஏற்றத்தில் நாயை முந்த முடியாது. இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, அதட்டியபடி நடந்து கடந்துவிடுங்கள். ஓடாத ஆளைப் பெரும்பாலான நாய்கள் சீக்கிரமே விட்டுவிடும்.

கேள்வி: 60 கிலோமீட்டர், 1,500 மீட்டர் ஏற்றம். எத்தனை மணி நேரம் ஒதுக்கலாம்?

பழக்கமுள்ள சாதாரண ஆள் மணிக்கு 500 மீட்டர் உயரம் ஏறுவார். ஏற்றத்துக்கே மூன்று மணி நேரம். இறக்கம், சமதளம், ஓய்வு எல்லாம் சேர்த்தால் ஆறு என்று வையுங்கள். பள்ளத்தாக்கில் மலை நிழல் முன்கூட்டியே விழும், பின்விளக்கை மறக்காதீர்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரிக்கு மேல் குளிரும். உச்சியில் வியர்த்த சட்டையோடு இறங்காதீர்கள். காற்றைத் தடுக்கும் மெல்லிய ஜாக்கெட் ஒன்றைப் பையில் மடித்து வையுங்கள்.

கேள்வி: நீங்கள் போகும் சாலைகளின் பட்டியலை எல்லோருக்கும் தரலாமே?

கேட்டு வருகிறவருக்கு மறைக்காமல் சொல்கிறேன். கூடவே, எந்தக் கிராமத்தில் சாலை வீட்டு வாசலை ஒட்டியே போகிறது என்பதையும் சொல்லி அனுப்புகிறேன். ஒரு இடத்தில் இறக்கம் முடியும் திருப்பத்திலேயே முதல் வீட்டின் படி இருக்கிறது. படியில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். பேரன் சாலையில் கோடு போட்டு விளையாடிக்கொண்டிருப்பான். சைக்கிள் சத்தமில்லாமல் வருவதால் அவனுக்குக் கேட்காது. திருப்பத்துக்கு முன்பே மணியடித்து, நடக்கும் வேகத்துக்கு வந்துவிடுங்கள்.