கரப்பானும் சாப்பாடும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

குழந்தைகளுக்கு வரும் கரப்பான், அதாவது எக்ஸிமா பற்றிச் சென்ற முறை எழுதியதும் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "எந்தச் சாப்பாட்டை நிறுத்தணும்?" குழந்தைக்கு என்ன வயது, எடை எவ்வளவு, எதைச் சாப்பிட்டு எத்தனை நிமிஷத்தில் என்ன ஆயிற்று என்ற மூன்றையும் எழுதியவர்கள் பத்துப் பேர்கூட இல்லை. இந்த மூன்றும் தெரியாமல் எந்த டாக்டராலும் சாப்பாட்டைப் பற்றி உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது. பதில் சொல்ல முடிந்த கடிதங்களை எடுத்துக்கொள்கிறேன்.

எட்டு மாதப் பெண் குழந்தை. மூன்றாம் மாதத்திலிருந்தே கன்னமும் கைகால்களும் சிவந்து சொரசொரப்பாக இருக்கின்றன. தாய்ப்பால் கொடுக்கிறேன். கத்தரிக்காய், கருவாடு, முட்டை எல்லாம் கரப்பான் பண்டம், நீ தொடவே கூடாது என்கிறார் மாமியார். ஐந்து மாதமாக ரசம் சோறும் சுட்ட அப்பளமும்தான் சாப்பிடுகிறேன். இன்னும் எத்தனை மாதம் பத்தியம் இருக்க வேண்டும்? – ஒரு தாய், குடியாத்தம்

இன்று ராத்திரியோடு பத்தியத்தை விடுங்கள். நீங்கள் சாப்பிடும் பால், முட்டையின் புரதம் தாய்ப்பாலில் துளியளவு இறங்கும் என்பது உண்மை. ஆனால் அந்தத் துளியால் குழந்தைக்குக் கரப்பான் கிளம்புவது மிக அபூர்வம். குழந்தையின் மலத்தில் ரத்தம் வந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ அது வேறு கதை, டாக்டரிடம் காட்ட வேண்டும். நீங்கள் அப்படி எதுவும் எழுதவில்லை.

மாமியாரையும் குறை சொல்ல மாட்டேன். கத்தரிக்காய் தின்றால் வாய் அரிக்கிறது என்பவர்கள் நம் பக்கம் நிறையப் பேர். மைசூரில் 700 பேருக்கு மேல் விசாரித்துப் பார்த்த ஒரு ஆய்வில் பத்தில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். சோதித்துப் பார்த்தபோது நிஜ அலர்ஜி நூற்றில் ஒருவருக்குத்தான் வந்தது. மற்றவர்களுக்கு அந்தக் காயிலேயே இருக்கும் ஹிஸ்டமின் போன்ற பொருள்களால் வந்த அரிப்பு. இலவம்பாடி முள்ளு கத்தரிக்காய் விளையும் மாவட்டத்தில் இருந்துகொண்டு, பால் கொடுக்கும் தாய் அதைத் தொடக்கூடாது என்பதற்கு எந்த நியாயமும் இல்லை. பருப்பு, முட்டை, மீன் எல்லாம் சாப்பிடுங்கள். குழந்தையின் தோலுக்குக் க்ரீம் பூசுங்கள். முதலில் தோலைப் பாருங்கள், தட்டை அப்புறம் பார்க்கலாம்.

தக்காளி, சாத்துக்குடி கொடுத்தால் ஒன்றரை வயதுப் பையனுக்கு வாயைச் சுற்றி மட்டும் சிவக்கிறது. அலர்ஜியா? – சத்துவாச்சாரி

பெரும்பாலும் இல்லை. ஜொள்ளில் ஊறிப்போன தோலில் புளிப்பு பட்டு எரிகிறது. ஊட்டுவதற்கு முன்னால் வாயைச் சுற்றி வாஸ்லின் தடவுங்கள், சாப்பிட்டதும் தண்ணீரில் ஒற்றி எடுங்கள். சிவப்பு அரைமணியில் அடங்கிவிட்டால் தொடர்ந்து கொடுக்கலாம்.

இரண்டு வயது, 11 கிலோ. பசும்பால் குடித்த பத்து நிமிஷத்தில் உடம்பெல்லாம் காணாக்கடி (திட்டுத்திட்டாக அரிக்கும் தடிப்பு), இரண்டு முறை வாந்தி. இப்படி மூன்று தடவை ஆகிவிட்டது. ஆட்டுப்பாலுக்கு மாறலாமா? எருமைப்பால் பரவாயில்லையா? – காட்பாடி

இந்த அம்மாவுக்கு நன்றி. வயது, எடை, நேரம் மூன்றும் இருக்கிறது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: இது நிஜமான பால் அலர்ஜி. ஆட்டுப்பால் வேண்டாம். பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேருக்கு ஆட்டுப்பாலும் ஆகாது, புரதம் அவ்வளவு ஒற்றுமை. எருமைப்பாலும் அப்படித்தான். 'ஏ2 பால்' என்று விலை கூட்டி விற்பதும் இந்தக் குழந்தைக்குப் பசும்பால்தான்.

தயிர், மோர், பன்னீர், பால்கோவா, பால்பவுடர் சேர்த்த பன், பிஸ்கட் எல்லாம் கணக்கில் வரும். ஆற்காடு மக்கன் பேடாவும் கோவா போட்டுச் செய்வதுதான், விசேஷ வீட்டில் யாரும் ஆசையாக ஊட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் கேசின், வே என்று இருந்தாலும் பால் என்றே படியுங்கள். கால்சியத்துக்குக் கேழ்வரகு நல்லது, 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் இருக்கிறது. ஆனால் இந்த வயதுக் குழந்தை நாளைக்கு 50 கிராம் மாவு சாப்பிட்டாலே பெரிசு. ஆகவே கால்சியம் சிரப்பும் வேண்டும்.

அலர்ஜி பார்க்கும் டாக்டரிடம் கண்டிப்பாகக் காட்டுங்கள். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிக்கூட வயதுக்குள் இது விட்டுப்போகும். விட்டதா என்று வீட்டில் பரீட்சை பார்க்காதீர்கள். அடுத்த முறை உதடு வீங்கினாலோ, மூச்சு இழுத்தாலோ, குழந்தை துவண்டாலோ அரிப்புக்குக் கொடுக்கும் செட்ரிசின் சிரப்பைத் தேடிக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் காப்பாற்றும் மருந்து தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான்.

மூன்றரை வயதுப் பையன். கரப்பானுக்காக ஒரு லேபில் அலர்ஜி பேனல் (ஒரே ரத்தத்தில் பல உணவுக்குப் பார்க்கும் சோதனை) எடுத்தோம். அரிசி, கோதுமை, பால், முட்டை, துவரை, உளுந்து, வாழைப்பழம், தக்காளி என்று 23 பொருள் பாசிட்டிவ். நான்கு மாதமாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். எடை 14-லிருந்து 12.5 கிலோவுக்கு இறங்கிவிட்டது. சொறி குறையவில்லை. இன்னும் பெரிய பேனல் எடுக்கலாமா? – ஒரு தந்தை, ஆம்பூர்

வேண்டாம், ஐயா. எடுத்ததே தப்பு.

போன வருஷம் அணைக்கட்டு ஊர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். இரண்டு வயது இருக்கும். முடி செம்பட்டையாகி, இழுத்தால் கையோடு வந்தது. பாதத்தை விரலால் அழுத்தினேன். விழுந்த பள்ளம் அப்படியே நின்றது. என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டால், மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு ரிப்போர்ட்டை அந்தத் தாய் எடுத்து நீட்டினார். சிவப்பு மையில் வட்டம் போட்டது எல்லாம் நிறுத்தமாம். ஐந்து மாதமாக ஜவ்வரிசிக் கஞ்சியும் சர்க்கரையும்தான் அந்தக் குழந்தையின் சாப்பாடு. புரதக் குறைவில் உடம்பே ஊதிக்கிடந்தது. முழங்கால் மடிப்பில் கரப்பான் அப்படியே இருந்தது. பருப்பும் முட்டையும் எங்கள் கண் முன்னால் ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்தோம். ஒன்றும் ஆகவில்லை. தோலுக்கு ஒழுங்காக மருந்து பூசி, ஈரத்துணி சுற்றியதில் மூன்று வாரத்தில் கரப்பான் அடங்கியது. அந்தத் தாய் சொன்னதில் ஒன்றையும் விடாமல் செய்தவர். அவர் கையில் அந்தக் காகிதத்தைக் கொடுத்து, விளக்காமல் அனுப்பியவர்கள் மேல்தான் எனக்குக் கோபம். இன்னும் ஆறவில்லை.

அந்த ரத்தப் பரிசோதனை என்ன சொல்கிறது? இந்தப் பொருளை உடம்பு அடையாளம் வைத்திருக்கிறது என்று மட்டும்தான். ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறவர் எல்லாரும் வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தமா? கரப்பான் உள்ள குழந்தைகளுக்கு ஐஜிஇ, அதாவது அலர்ஜியில் வேலை செய்யும் எதிர்ப்புப் புரதம், மொத்தமாகவே ஏறியிருக்கும். எதைச் சோதித்தாலும் கொஞ்சம் பாசிட்டிவ் காட்டும். அதில் பாதிக்கு மேல் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாதவை. நெகட்டிவ் வந்தால் அதை ஓரளவு நம்பலாம். பாசிட்டிவை, சாப்பிட்டதும் என்ன ஆயிற்று என்ற கதையோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். உங்கள் பையன் நான்கு மாதம் முன்பு வரை இட்லியும் பருப்பும் வாழைப்பழமும் தினமும் சாப்பிட்டு ஒன்றும் ஆகாமல் இருந்தானா? கடிதத்தில் அது இல்லை. இருந்தான் என்றால் ரிப்போர்ட் தோற்றது, பையன் ஜெயித்தான். ஐஜிஜி (இது வேறு வகை எதிர்ப்புப் புரதம்) என்று போட்டு நூறு, இருநூறு உணவுக்கு எடுக்கும் பேனல்களுக்கு இந்த அளவு மதிப்புகூட இல்லை.

மிதமான, கடுமையான கரப்பான் உள்ள சின்னக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு உணவு அலர்ஜியும் சேர்ந்திருக்கும். அதுவும் பெரும்பாலும் பால், முட்டை, வேர்க்கடலை, கோதுமை, சோயா, மீன், முந்திரி போன்ற கொட்டை வகை என்று ஒரு கையால் எண்ணி இன்னும் இரண்டு விரல் மடக்கினால் முடிந்துவிடும். 23 பொருளுக்கு அலர்ஜி உள்ள குழந்தையை நான் பார்த்ததில்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. தினமும் தாங்கிக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்தினால், உடம்பு அந்தப் பழக்கத்தை மறக்கும். திரும்பக் கொடுக்கும்போது முன்பு இல்லாத வேகத்தில் காணாக்கடியும் மூச்சுத்திணறலும் வரலாம். அமெரிக்காவில் கரப்பானுக்காக உணவு நிறுத்திய சுமார் 300 குழந்தைகளைக் கவனித்ததில், முன்பு அப்படி ஆகாதவர்களிலேயே ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது நடந்தது. ஆகவே அரிசி, பருப்பு, காய், பழம் இவற்றை, முன்பு சரியாகச் சாப்பிட்டிருந்தால், இரண்டு நாளைக்கு ஒன்றாக வீட்டிலேயே தொடங்குங்கள். பால், முட்டை, கோதுமை, வேர்க்கடலை நான்கையும் டாக்டர் முன்னால் மட்டும் தொடங்குங்கள். எதையாவது நிறுத்தச் சொன்னால், திரும்பக் கொடுக்கும் தேதியையும் அப்போதே எழுதி வாங்குங்கள். சோதனைக்காக நிறுத்துவது இரண்டிலிருந்து நான்கு வாரம், அதற்கு மேல் இல்லை.

ஆறு மாதக் குழந்தை, கரப்பான் கொஞ்சம் இருக்கிறது. மூன்று வயது வரை மல்லாட்டை (வேர்க்கடலை) கொடுக்காதே என்கிறார்கள். நாங்கள் மல்லாட்டை போடுகிற குடும்பம், வீடெல்லாம் அதுதான். – ஆரணி

மூன்று வயது என்பது 2000-ல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொன்னது. 2008-லேயே அதை விட்டுவிட்டார்கள். 2015-ல் லண்டனிலிருந்து 'லீப்' என்ற ஆய்வு வந்தது. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த, 4 முதல் 11 மாதத்துக்குள் உள்ள 640 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, பாதிப் பேருக்கு வேர்க்கடலை கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஐந்து வயது வரை மறுத்தார்கள். மறுத்தவர்களில் நூற்றுக்கு 17 பேருக்கு அலர்ஜி வந்தது. சாப்பிட்டவர்களில் 3 பேருக்கு.

கரப்பான் லேசாக இருந்தால் வீட்டிலேயே தொடங்கலாம். அவித்து, தோல் நீக்கி, வெண்ணெயாக அரைத்து, கேழ்வரகுக் கூழில் கரைத்து, பகல் வேளையில், சளி காய்ச்சல் இல்லாத நாளில். முதலில் விரல் நுனியளவு, பத்து நிமிஷம் பார்த்து மிச்சம், அப்புறம் இரண்டு மணி நேரம் கண் வைத்திருங்கள். ஒத்துக்கொண்டால் வாரம் மூன்று முறை விடாமல் கொடுங்கள். கரப்பான் கடுமையாக இருந்தாலோ முட்டைக்கு ஏற்கெனவே அலர்ஜி என்றாலோ டாக்டரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். முழு மல்லாட்டை ஐந்து வயது வரை கிடையவே கிடையாது. மூச்சுக்குழலில் மாட்டி வரும் குழந்தைகளைப் பார்த்தவன் சொல்கிறேன்.

கடலை எண்ணெய் தேய்த்து, கடலை மாவும் பாலும் குழைத்துக் குளிப்பாட்டுகிறோம். இயற்கையானதுதானே? – வாலாஜாபேட்டை

மேலே உள்ள பதிலோடு சேர்த்துப் படியுங்கள். வாய் வழியாகப் போகும் உணவை உடம்பு உறவாக்கிக்கொள்ளும். வெடித்த தோல் வழியாகப் போனால் பகையாக்கிக்கொள்ளும். கரப்பான் தோலில் கடலை எண்ணெய் தடவிய குழந்தைகளுக்கு வேர்க்கடலை அலர்ஜி அதிகம் வந்ததை 2003-லேயே கவனித்திருக்கிறார்கள். எந்த மாவும் வேண்டாம், பாலும் வேண்டாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷத்துக்குள் குளிப்பாட்டி, துடைத்த ஈரம் காய்வதற்குள் க்ரீம் பூசுங்கள். வாங்க முடியாவிட்டால் சுத்தமான தேங்காய் எண்ணெய். ஒரு வாரத்தில் 250 கிராம் தீர வேண்டும். 50 கிராம் ட்யூபை இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு "க்ரீம் கேட்கவில்லை" என்று எழுதாதீர்கள்.

குழந்தைக்கு அரிப்பு. என்ன சாப்பாடு கொடுக்கலாம்? அவசரம். – ஆற்காடு

அவசரம் என்கிறவர் வயதையாவது எழுதியிருக்கலாம். அரிப்பு என்றால் சிரங்குகூட இருக்கலாம். வீட்டில் வேறு யாருக்கும் ராத்திரியில் அரிக்கிறதா? நேரில் காட்டுங்கள்.

நான்கு வயது. கல்யாண வீட்டில் பிரியாணி சாப்பிட்டால் மறுநாள் சொறிந்து சொறிந்து ரத்தம் வருகிறது. வீட்டுப் பிரியாணிக்கு ஒன்றும் ஆவதில்லை. – மேல்விஷாரம்

விடை உங்கள் கடைசி வரியிலேயே இருக்கிறது. மே மாதத்துக் கத்திரி வெயில், மண்டபத்துக் கூட்டம், ஜரிகை உரசும் உடுப்பு, அத்தர், பாதி ராத்திரி வரை தூக்கமில்லை. கரப்பானுக்கு வியர்வை ஒன்றே போதும். அடுத்த முறை உள்ளே பருத்திப் பனியன் போடுங்கள், வந்ததும் குளிப்பாட்டிக் க்ரீம் பூசுங்கள். பிரியாணி சாப்பிடட்டும்.

ஸ்டீராய்டு க்ரீமுக்குப் பயந்து சாப்பாட்டில் கட்டுப்பாடு வைத்திருக்கிறோம். சரிதானே? – திருப்பத்தூர்

சரியில்லை. டாக்டர் சொன்ன வீரியத்தில், சொன்ன நாள் வரைக்கும் பூசினால் பயமில்லை. பெரியவர் விரலின் நுனிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம், அது பெரியவரின் இரண்டு உள்ளங்கை (விரல்களோடு) அளவு தோலுக்குப் போதும். மருந்துக்கடையில் நீங்களாகக் கேட்டு வாங்கும், ஸ்டீராய்டோடு வேறு மருந்தும் கலந்த ட்யூபுக்குத்தான் பயப்பட வேண்டும்.

முட்டை அலர்ஜி உள்ள குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி? – சோளிங்கர்

போடலாம். தள்ளிப்போடாதீர்கள்.

பதினான்கு மாதக் குழந்தை, ரொம்ப நாளாகக் கரப்பான். இரண்டு நாளாகக் காய்ச்சல். கன்னத்திலும் கழுத்திலும் கொத்துக்கொத்தாகக் கொப்புளம், சிலது உடைந்து வட்டமாகக் குழி விழுந்திருக்கிறது. அக்கி என்று சொல்லிக் காவியால் எழுதிவிட்டோம். ஆறும் வரை எந்தெந்தச் சாப்பாட்டைத் தள்ளணும்? – பேரணாம்பட்டு

எதையும் தள்ள வேண்டாம். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்புங்கள். கரப்பான் தோலில் ஹெர்பிஸ் வைரஸ் பரவினால் இப்படித்தான் இருக்கும். ஒரே மாதிரிக் கொப்புளம், உடைந்த வட்டக் குழி, காய்ச்சல். இதற்கு அசைக்ளோவிர் என்ற மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் நன்றாகக் கேட்கும். விட்டால் கண்ணுக்கு ஏறும், உயிருக்கும் ஆபத்து. காவியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்க வேண்டாம், அப்படியே கொண்டுபோங்கள். நாளைக் காலை என்று காத்திருக்காமல் ராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "கரப்பான் உள்ள குழந்தை, காய்ச்சலோடு கொப்புளம்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

கடிதத்தில் போன் நம்பர் இல்லை. பேரணாம்பட்டில் இந்த வீட்டைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால் உடனே போய்ச் சொல்லுங்கள்.